அந்தக் கையெழுத்தை வைக்கச் சொன்னவன் நான்தான்



நீளமான பதிவு. முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். என்றாவது ஒருநாள் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது தேவைப்படலாம்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. என்னிடம் படித்த ஒரு பொடியன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். இரவு ஒன்பதரை மணியளவில் பொலிஸார் அவனை வீதியில் மறித்திருக்கிறார்கள். லைசன் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது, ஹெல்மட் போட்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்த பிறகு "ஃபோனைத் தா" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "எதுக்கு சேர் ஃபோன்?" என்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு கேள்விக்கு இடது காதோடு சேர்த்து இரண்டு அறை. ஃபோனையும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். தண்டச் சீட்டும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அதாவது பொலிஸின் கணக்கில் அந்த இரவில் எதுவுமே நடக்கவில்லை.

மறுநாள் காது கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் "எப்படி நடந்தது?" என்று கேட்டார். அவனுடைய வாப்பா "பைக்கிலிருந்து விழுந்துட்டான்" என்று சொன்னார். அவர் ஒரு ஏழை மனிசன், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். முந்தின இரவே நமது பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் ஃபோன் எடுத்து, "ஆஸ்பத்திரியில பொலிஸ் பேரைச் சொல்லிராதீங்க, பிறகு கேஸாகிடும். நாம பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இருந்த ஒரே ஆதாரம் அந்த ஒரு வார்த்தையோடு போனது.

அதற்கடுத்த நாள் நிலையத்துக்குப் போனோம். வாப்பா, பொடியன், பள்ளி நிர்வாகத்தில் இருவர், நான். எனக்குச் சிங்களம் ஓரளவு நன்றாகத் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். பொறுப்பதிகாரி மரியாதையாகப் பேசினார். தேத்தண்ணி வந்தது. அந்தக் கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். அவரும் "தப்பா எடுத்துக்க வேணாம் மல்லி, அன்றைக்கு டென்ஷன்" என்றார். கை கொடுத்தார்கள். ஃபோனும் திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் அரைப் பக்கம் எழுதி, "இதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்க" என்று என்னிடம் நீட்டினார்கள்.

நான் விளங்கப்படுத்தினேன். "எனக்கு இது சம்பந்தமாக எந்த முறைப்பாடும் இல்லை, பிரச்சினை இணக்கமாகத் தீர்ந்துவிட்டது."

பொடியன் என் முகத்தைப் பார்த்து, "சேர், கையெழுத்து வைக்கவா?" என்று கேட்டான்.

நான் "வை" என்றேன்.

இதில் நமது நிர்வாகிகளைக் குறை சொல்ல எனக்கு உரிமை குறைவு, நானும் அதே மேசையில் இருந்தவன். ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதைக் குடைகிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொலிஸுக்கு எதிரான ஒரு முறைப்பாடு இந்த நாட்டில் எப்படி விசாரிக்கப்படுகிறது என்பது ஒரு பக்கம். அந்த முறைப்பாடு விசாரிக்கப்படாமலே சாவதற்கு நாம் எப்படி உதவி செய்கிறோம் என்பது மறுபக்கம். இரண்டையும் பேசவேண்டும்.

முதலில் நாட்டின் பக்கத்தைப் பார்ப்போம்.

சட்டத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் உறுப்புரை 11 யாரையும் சித்திரவதை செய்யக்கூடாது, கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக்கூடாது என்கிறது. அதற்கு விதிவிலக்கு கிடையாது. உறுப்புரை 13 காரணம் சொல்லாமல் கைது செய்யக்கூடாது என்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின்படி குற்றவாளியாகக் காணப்படும் உத்தியோகத்தருக்குக் குறைந்தது 7 வருடச் சிறை. 2001இல் வந்த 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கி, பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கு எதிரான பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரிப்பதற்கு நடைமுறை ஒன்றை ஏற்படுத்தவேண்டும் என்று அதன் மீது கடமையாகவே சுமத்தியது. பிறகு 2010இல் 18ஆம் திருத்தம் அந்த ஆணைக்குழுவைப் பலவீனமாக்கியது, 2015இல் 19 நிமிர்த்தியது, 2020இல் 20 திரும்பவும் சாய்த்தது, 2022இல் 21 திரும்பவும் நிமிர்த்தியது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆடுகிற கதிரையில் உட்கார்ந்துகொண்டு எந்த ஆணைக்குழுதான் உறுதியாக வேலை செய்யும்?

சரி, நீங்கள் அந்த ஆணைக்குழுவுக்குக் கடிதம் போட்டீர்கள் என்று வையுங்கள். நடப்பது என்ன? பதில் கடிதம் ஒன்று வரும், முறைப்பாடு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று இருக்கும். எங்கே அனுப்பப்பட்டது? பெரும்பாலும் பொலிஸுக்கே. மேலே இருந்து பிரதிப் பொலிஸ் மா அதிபர், சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் உங்களை அடித்தவரோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவரின் மேசைக்கு வந்து சேரும். அவர் உங்களுக்கு ஃபோன் எடுப்பார். "வாக்குமூலம் ஒன்று தரவேண்டும், நிலையத்துக்கு வாங்க" என்பார். எந்த வாசலுக்குப் போகப் பயந்து நீங்கள் கொழும்புக்கு எழுதினீர்களோ, அதே வாசலுக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.

சொந்தமாகப் போதிய விசாரணை அதிகாரிகள் இல்லாத ஆணைக்குழு ஒரு தபால் கந்தோர் மாதிரித்தான். கடிதத்தை வாங்கும், முத்திரை குத்தும், அனுப்பும்.

இங்கே ஒரு ஆசிரியனாக நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் துறையிலும் இதே கதைதான். ஒரு வாத்தியார் பிள்ளையை அடித்தார் என்று பெற்றோர் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதினால், "அறிக்கை சமர்ப்பிக்கவும்" என்று அதே பாடசாலை அதிபருக்குக் கடிதம் வரும். அதிபர் பெற்றோரைக் கூப்பிடுவார், சமாதானம் ஆகும். 2017இல் ஒரு மாணவனின் கன்னத்தில் ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட சம்பவம் ஒன்று உயர் நீதிமன்றம் வரை போனது. 2021 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. உறுப்புரை 11 மீறப்பட்டது என்றார்கள். ஆசிரியர் 150,000 ரூபா, அரசு 500,000 ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. ஒரு அறை. ஒரு காது. அதை அடிப்படை உரிமை மீறல் என்று நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பெற்றோரும் தேத்தண்ணி குடித்துக் கை கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது. நான் "வை" என்று சொன்னபோது இந்தத் தீர்ப்பு எனக்குத் தெரியும். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஆனால் தீர்ப்பு வந்தால் மட்டும் போதுமா? தேசபந்து தென்னக்கோன் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். முன்னாள் இராணுவ வீரர் ஒருவரை மிரிஹான பொலிஸில் தடுத்துவைத்துச் சித்திரவதை செய்ததாக 2011இல் தாக்கலான மனு. தீர்ப்பு வந்தது 2023 டிசம்பர் 14. பன்னிரண்டு வருடம்! அப்போது நுகேகொட பிரிவுப் பொலிஸ் அத்தியட்சகராக இருந்த தென்னக்கோனும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் கண்டது. 500,000 ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அவருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு பொலிஸ் ஆணைக்குழுவுக்குப் பணித்தது. தீர்ப்பு வந்த நாளில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? பதில் பொலிஸ் மா அதிபர் கதிரையில். பிறகு என்ன நடந்தது? 2024 பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள். ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போடவேண்டி வந்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

கடைசி வரியைக் கேட்டு நாம் கைதட்டினோம். தட்டவேண்டியதுதான். ஆனால் இடையில் இருக்கிற வரியை மறக்காதீர்கள். சித்திரவதைக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்ன ஒருவரைத்தான், அந்தத் தீர்ப்பின் மை காய்வதற்குள், முழுப் பொலிஸுக்கும் தலைவராக்கினார்கள். உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் கை நீட்டும் ஒரு கொன்ஸ்டபிள் இதிலிருந்து என்ன பாடம் படிப்பார்? பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதைப் பார்த்துத்தான் படிப்பார்கள் என்று பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பொலிஸ்காரர்களும் அப்படித்தான்.

"சேர், பயமா இருக்காதா?" என்று கேட்பீர்கள். இருக்கும். பயப்படுகிறவர்களைக் கோழை என்று சொல்ல நான் வரவில்லை. ஜெரால்ட் பெரேரா என்ற ஒரு மனிதர் இருந்தார். 2002இல் ஆள் மாறாட்டத்தில் பிடித்துக்கொண்டுபோய் வத்தளை பொலிஸில் சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு அடித்தார்கள். 2003இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நீதி கொடுத்தது. அதற்குப் பிறகு சித்திரவதை வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சி சொல்லச் சில நாட்களே இருக்கும்போது, 2004 நவம்பரில், பஸ்ஸில் வைத்துச் சுடப்பட்டு இறந்துபோனார். இந்த வரலாறு இருக்கிற நாட்டில் பயம் இயல்பு. சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டம் 2015இல் வந்தது, 2023இல் புதிதாகவும் வந்தது. சட்டம் வந்ததால் மட்டும் பயம் போகாது என்பதும் உண்மை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயத்தில் தனி ஆளாக நிற்கிறவனுக்குத்தான் ஊர் வேண்டும், ஜமாஅத் வேண்டும். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? அவனுக்குப் பக்கத்தில் நிற்காமல், அவன் பேனையைப் பறித்துக்கொள்கிறோம். அதற்கு "சமாதானம்" என்று பெயரும் வைக்கிறோம்.

இனி நம்முடைய பக்கம். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது ஊரில் பொலிஸ் சம்பந்தமாக ஒரு பிரச்சினை வந்தால் முதல் ஃபோன் யாருக்குப் போகிறது? சட்டத்தரணிக்கா? இல்லை. பள்ளித் தலைவருக்கு, இல்லாவிட்டால் பிரதேச சபை உறுப்பினருக்கு. அவர் ஓஐசிக்கு ஒரு கோல் எடுப்பார். ஓஐசி "ஹரி ஹரி, அனுப்புங்க" என்பார். இந்த ஒரு கோலுக்காகத்தான் நாம் நோன்பில் இஃப்தாருக்குக் கூப்பிடுகிறோம், பெருநாளைக்கு சஹன் அனுப்புகிறோம், நிலையத்துக் கூரை ஒழுகினால் ஊரில் சேர்த்து சீட் வாங்கிக் கொடுக்கிறோம். அண்டை அயலாரோடு நல்லுறவு சுன்னத்துதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் உறவு வளர்த்தது யாருக்காக? அடி வாங்கிய பிள்ளைக்காக அந்த உறவைப் பாவிக்க முடியாவிட்டால், அது அடித்தவரைக் காப்பாற்றத்தான் பயன்படுகிறது.

சிலர் சொல்வார்கள்: "2018இல் திகனயில் நடந்தது மறந்துபோச்சா? 2019க்குப் பிறகு நாம பட்டது போதாதா? பொலிஸைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு யார் நம்மளைப் பாதுகாக்கிறது?"

எனக்கும் ஞாபகம் இருக்கிறது. திகன பள்ளிவாசலுக்குள் சீருடைக்காரர்கள் புகுந்து அடித்தது சீசீடிவியில் பதிவாகி, சர்வதேச ஊடகங்கள் வரை போனதும் ஞாபகம் இருக்கிறது. 2019 மே மாதம் ஹசலக்கவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்த ஒரு சகோதரியை, தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து வாரக்கணக்கில் விளக்கமறியலில் வைத்ததும் ஞாபகம் இருக்கிறது. 2020 மே 25ஆம் திகதி, பெருநாளைக்கு மறுநாள், தர்கா நகரில் ஓட்டிசம் உள்ள 14 வயதுப் பிள்ளையைச் சோதனைச் சாவடியில் வைத்து அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. சைக்கிளில் வந்த பிள்ளை. என் வகுப்பில் இருக்கக்கூடிய பிள்ளை. கவிதை எழுதியதற்காக மன்னாரைச் சேர்ந்த ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் பிடித்து, பிணை கொடுக்க 2021 டிசம்பர் வரையும், குற்றமற்றவர் என்று விடுவிக்க 2023 டிசம்பர் வரையும் ஆனது. என்னைப் போல அவரும் ஒரு வாத்தியார்தான்.

இவற்றில் எதில் நாம் பொலிஸைப் "பகைத்துக்கொண்டதால்" அடி விழுந்தது? எதிலும் இல்லை. நாம் சிரித்துக்கொண்டு இருந்த காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது. மறுபுறம், இவற்றில் எதில் கொஞ்சமாவது உண்மை வெளியே வந்தது? யாரோ ஒருவர் வீடியோவை அழிக்காமல் வைத்திருந்த இடத்தில். யாரோ ஒருவர் பயத்தோடாவது மனுவில் கையெழுத்து வைத்த இடத்தில். ஹசலக்க சகோதரி உயர் நீதிமன்றம் போனார். தர்கா நகர்ப் பிள்ளையின் விஷயத்தில் சீசீடிவிப் பதிவு வெளியே வந்த பிறகுதான் நாடு வாயைத் திறந்தது. 2025 மார்ச்சில் ஸ்டிக்கர் ஒட்டியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்ட 22 வயது இளைஞனின் விஷயத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து, அவனுடைய உரிமைகள் மீறப்பட்டன என்று சொன்னது. நாம் ஃபேஸ்புக்கில் "யா அல்லாஹ்" என்று அழுத இமோஜி போட்டதால் எதுவும் அசையவில்லை. காகிதத்தில் எழுதியதால் கொஞ்சம் அசைந்தது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. மிரிஹானவில் அடி வாங்கியவர் சிங்களவர், அதுவும் முன்னாள் இராணுவ வீரர். ஜெரால்ட் பெரேராவும் நம்மவர் இல்லை. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர், தனக்கு என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். "நம்மளக் குறி வைக்கிறான்" என்று மட்டும் நாம் பேசிக்கொண்டிருந்தால், அவர்களோடு சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வியைத் தவறவிட்டுவிடுவோம். இந்தக் கேள்வி எல்லோருக்கும் பொது: பொலிஸைப் பொலிஸே விசாரிப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு கதை அடிக்கடி கேட்கிறேன். "ஐஸ் பாவிக்கிற பொடியன்களுக்கு ரெண்டு போட்டாத்தான் சேர் திருந்துவான்." 2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கியபோது நமது ஊரிலும் பலர் சந்தோஷப்பட்டார்கள். போதைப்பொருள் நமது பிள்ளைகளைத் தின்கிறது என்பது என் வகுப்பறையிலேயே தெரிகிறது, அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, "போதைக்காரனுக்கு மட்டும்" என்று கோடு போட முடியாது. அந்தக் கோட்டை இரவு ஒன்பதரைக்கு வீதியில் நிற்கிற ஒருவர்தான் போடுவார். சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகிற பொடியனும் அவருக்குச் சந்தேகத்துக்குரியவன்தான். நாம் கைதட்டிய அதே கைதான் அவன் காதில் விழுந்தது.

எல்லாப் பொலிஸும் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். நமது நிலையத்திலேயே இரவு பகல் பாராமல் உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான விசாரணை அவர்களுக்குத்தான் முதலில் நல்லது. இப்போது நல்லவரும் கெட்டவரும் ஒரே சீருடைக்குள் ஒளிந்திருக்கிறார்கள். பிரித்துக் காட்ட ஒரு வழியும் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. வட அயர்லாந்தில் முப்பது வருடம் சண்டை நடந்தது. அங்கேயும் ஒரு சமூகம் பொலிஸை நம்பவே இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே பொலிஸுக்கு எதிரான முறைப்பாடுகளைக் கையாளப் பொலிஸுக்கு வெளியே தனி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அதற்குச் சொந்த விசாரணையாளர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடி வாங்கியவன் அடித்தவரின் நண்பரிடம் வாக்குமூலம் கொடுக்கவேண்டியதில்லை. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் ஓஐசிக்குக் கோல் எடுப்பதை விட்டுவிட்டு இதைக் கேட்கவேண்டும்: பொலிஸ் ஆணைக்குழுவுக்குச் சொந்த விசாரணைப் பிரிவு, விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரை அந்த நிலையத்திலிருந்து மாற்றுவது, முறைப்பாடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தமிழில் பதில். இந்த மூன்றும் பெரிய புரட்சி இல்லை.

அது வரும்வரை நாம் செய்யவேண்டியதைக் கீழே எழுதுகிறேன். ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அரச ஆஸ்பத்திரி. டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். கிளினிக் கொப்பி, டிக்கட் இலக்கம், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

2. அன்றைக்கே எழுதுங்கள். திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், பெயர்ப்பட்டி, யார் பார்த்தார்கள். ரெண்டு நாள் போனால் மறந்துவிடும். பக்கத்துக் கடை சீசீடிவி இருந்தால் அழிவதற்கு முன் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

3. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உங்கள் முறைப்பாட்டை நீங்களே தமிழில் எழுதிக் கொண்டுபோகலாம். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

4. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைத் தங்கம் மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

5. ஆக முக்கியமானது: ஒரு மாதம். உறுப்புரை 126இன்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காமல் உடனே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். "பேசித் தீர்க்கலாம்" என்று நம்மவர்கள் இழுக்கிற ஒவ்வொரு வாரமும் இந்த ஒரு மாதத்திலிருந்துதான் போகிறது.

6. பதில் வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள்: என் முறைப்பாட்டை யார் விசாரித்தார், என்ன முடிவு எடுத்தார்? பொலிஸ் திணைக்களமும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். உங்களை அவமானப்படுத்த இதை எழுதவில்லை. உங்களில் பலர் எனக்கு வாப்பா மாதிரி. ஊர்ச் சண்டைகளை நீங்கள் எத்தனை இரவு விழித்திருந்து தீர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ரெண்டு அயல்வீட்டார் எல்லைச் சண்டைக்குச் சமாதானம் பேசுவது ஸவாபான வேலை. ஆனால் அரசாங்கத்தின் சீருடை போட்டவர் ஒரு பிள்ளையை அடித்தது ரெண்டு பேருடைய சண்டை இல்லை. அதை மன்னிக்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் யாரும் தோளில் கை வைத்து அழுத்தாமல். ஒரு சின்னக் கடனைக்கூட எழுதிக்கொள்ளச் சொல்லி குர்ஆனிலேயே ஆக நீளமான ஆயத்து இறங்கியிருக்கிறது, பகராவின் 282. நீதிக்குச் சாட்சியாக நில், அது உனக்கும் உன் சொந்தக்காரருக்கும் எதிராக இருந்தாலும் சரி என்ற கருத்தில் நிஸாவின் 135ஐ எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கடனை எழுது என்று சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பிள்ளையின் காதுக்கு எழுத்து வேண்டாம் என்று எப்படிச் சொன்னோம்?

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பொலிஸ் சம்பந்தமான விஷயம் எதுவாக இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு எழுத்து, அதற்குப் பிறகுதான் பேச்சு என்று ஒரு தீர்மானம் எடுங்கள். நமது ஊரில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், மாதம் ஒருநாள் பள்ளி மண்டபத்தில் உட்கார அவர்களைக் கேளுங்கள். கூரைக்கு சீட் வாங்க ஒரு வாரத்தில் காசு சேர்த்த ஊர் இது. ஒரு பிள்ளையின் வழக்குச் செலவுக்குச் சேர்க்க முடியாதா?

"நீங்க அரசாங்க உத்தியோகத்தர், உங்களுக்கெதுக்கு இந்த வேலை?" என்று சிலர் அக்கறையோடு கேட்பார்கள். நான் படிப்பிப்பது குடியுரிமைக் கல்வி. பத்தாம் வகுப்புக்கு அடிப்படை உரிமைகள் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான். அதே பொடியன் அதை அப்படியே கொப்பியில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தான். பரீட்சையில் அவன் பாஸ். நிலையத்து மேசையில் நான் ஃபெயில்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பாவிடமும் அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு மாதம் போய்விட்டது, உயர் நீதிமன்றக் கதவு அவனுக்கு அநேகமாக மூடிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இனி எழுதி என்ன சேர் பிரயோசனம்?" என்று கேட்டான். நான் சொன்னேன்: "உன்ட பேர்ல அந்தப் புத்தகத்தில ஒரு பொய் இருக்கு. அதுக்குப் பக்கத்தில உண்மையும் ஒரு இடத்தில இருக்கவேணும். அடுத்த பிள்ளை போகேக்க அது தேவைப்படும்."

அவனும் வாப்பாவும் சம்மதித்தார்கள். ரெண்டு ஆணைக்குழுக்களுக்கும் தமிழில் எழுதினோம். காது நிபுணரின் கிளினிக் கொப்பிப் பிரதியும் வைத்தோம். அதோடு என்னுடைய வாக்குமூலமும் தனியாகப் போகிறது. அன்று நான் மொழிபெயர்த்தது என்ன, யார் யார் அங்கே இருந்தார்கள், பிள்ளை சுயவிருப்பத்தில் கையெழுத்து வைத்தானா இல்லையா, எல்லாம் என் பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டாயிற்று. ரசீது என்னிடம் இருக்கிறது.

பின்னூட்டத்தில் பொடியனின் பெயரையோ, நிலையத்தின் பெயரையோ, எந்த உத்தியோகத்தரின் பெயரையோ போடவேண்டாம். தெரிந்தவர்கள் தெரிந்தபடி இருங்கள். இனவாதமாக எழுதுகிற கொமென்ட்களை அழித்துவிடுவேன். என்னோடு உடன்படாதவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், பதில் தருகிறேன். இதே மாதிரி "சமாதானமாக" முடிந்த சம்பவம் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஒரு மாதம் இன்னும் போகவில்லை என்றால், இன்றைக்கே இன்பொக்ஸில் வாருங்கள். எழுதித் தர நான் இருக்கிறேன்.